நாலாம் மாடிக்கு வராத தோசை

தேவநேசனுக்குச் சமைக்கத் தெரியாது. ஐம்பத்திரண்டு வயதாகியும் அதைச் சொல்லிக்கொள்ள அவர் ஒரு நாளும் கூச்சப்பட்டதில்லை. யாங்கோனில், அதுவும் கியாக்டடாவில் குடியிருந்துகொண்டு வீட்டில் அடுப்பு மூட்டுவது, தெருவில் கடை போட்டிருக்கிற அத்தனை பேரையும் அவமானப்படுத்துகிற காரியம் என்பது அவர் கட்சி. முப்பத்தாறாம் தெருவில் நாலாம் மாடியில் அவருக்கு ஒரு வாடகை வீடு. அதில் சமையலறை என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. அங்கே குடைகளும், கம்பி போன குடைகளும், என்றைக்காவது ரிப்பேர் பார்க்கலாம் என்று எடுத்துவைத்த குடைகளும் இருந்தன.

கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு காரணம் சொல்லிவைத்தார். பெண் பார்க்கப் போகவேண்டிய நேரத்திலெல்லாம் ஏதோ ஒரு கடையில் ஏதோ ஒன்று சூடாக இறங்குகிற நேரமாக இருந்துவிட்டது என்பதுதான் விஷயம் என்று அவருடைய அக்கா இருதயம்மாள் சொல்வாள். அக்கா சொன்னதில் பாதிக்கு மேல் உண்மை.

காலை ஆறரைக்கு இறங்குவார். கட்டடத்து வாசலிலேயே, நடைபாதையில், தங்கவேலுவின் தோசைக் கடை. முறுகலாக ஒன்று, அவித்த பட்டாணி தூவி, தேங்காய்ச் சட்னியோடு. செவ்வாயும் வியாழனும் மட்டும் தங்கவேலுவுக்குத் துரோகம் செய்துவிட்டு எதிர் முனையில் அரிசி நூடுல்ஸ் போட்ட மொஹிங்கா. மீன் குழம்பில் வாழைத்தண்டு சரியாக வெந்திருக்கிறதா என்று ஒரு வாய் உறிஞ்சிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். பிறகு டீக்கடை. அங்கே சப்ளையரைக் கூப்பிட உதட்டைக் குவித்து முத்தம் கொடுக்கிற மாதிரி சத்தம் போடவேண்டும். தேவநேசன் வாழ்க்கையில் கொடுத்த முத்தங்கள் முழுக்க அந்த டீக்கடையில்தான் செலவாயின.

வேலையும் நடைதான். பான்சோடான் சாலையில் அப்துல் பாரியின் கப்பல் ஏஜென்சி ஆபீசில் கிளார்க். காகிதங்களைத் தூக்கிக்கொண்டு சுங்க ஆபீசுக்கு, அங்கிருந்து பாங்குக்கு, அங்கிருந்து துறைமுகத்துக்கு. அலோன் கிடங்குக்குப் போகிற நாளில் மட்டும் பஸ் ஏறுவார். அன்றைக்கு முகமே சரியிருக்காது. அந்த வட்டாரத்தில் வெள்ளைக்காரன் கட்டிய பெரிய பெரிய செங்கல் கட்டடங்களை மற்றவர்கள் நின்று போட்டோ எடுப்பார்கள். தேவநேசனுக்கு அவை நிழல். பத்து மணிக்கு எந்தச் சுவர் நிழல் தரும், மூன்று மணிக்கு எந்தச் சுவர், எந்த முனையில் த்வாண்டே ஊர் மண்பானையில் தண்ணீர் வைத்திருக்கிறார்கள், அந்தப் பானையிலிருந்து எத்தனை எட்டில் சமோசா சாலட் கிடைக்கும் என்பதெல்லாம் அவர் காலுக்குத் தெரியும். சாயங்காலம் படகுத்துறையில் நின்று சுரைக்காய் பஜ்ஜி. வீட்டிலிருந்து இத்தனையும் பதினைந்து நிமிஷ நடைக்குள். உலகத்திலேயே நன்றாக வாழ்கிற மனிதர்களில் தானும் ஒருவன் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அது தப்புக் கணக்கும் அல்ல.

ஜனவரியில் அந்தக் கால் போனது.

சாக்கடை மேல் போட்டிருந்த ஒரு கற்பலகை ஆடிக்கொண்டிருந்ததை அவர் பல வருஷமாக அறிவார். தினமும் தாண்டித்தான் போவார். அன்றைக்குக் கையில் பொட்டலம், அதில் சூடான பலகாரம், கண் அதன் மேல். பலகை புரண்டு வலது கால் உள்ளே போய்விட்டது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு. மாவுக்கட்டுப் போட்டு, நாற்காலியில் உட்காரவைத்து, நாலு பேர் தூக்கி நாலாம் மாடியில் கொண்டுபோய் வைத்தார்கள். அந்தக் கட்டடத்தில் லிப்ட் கிடையாது. இருந்திருந்தாலும் கரண்ட் கிடையாது.

ஆறு வாரம் அவர் கயிற்றால் பிழைத்தார். அந்த நகரத்தில் மாடி வீட்டுக்காரர்கள் எல்லோரும் பால்கனியிலிருந்து தெரு வரைக்கும் ஒரு கயிறு தொங்கவிட்டிருப்பார்கள். கீழ் முனையில் ஒரு கிளிப், மேல் முனையில் ஒரு மணி. பேப்பர்காரர் பேப்பரைக் கிளிப்பில் மாட்டிக் கயிற்றைச் சுண்டினால் மேலே மணி அடிக்கும், இழுத்துக்கொள்ளவேண்டியதுதான். விருந்தாளி வந்தால் வாசல் கம்பிக் கதவின் சாவியும் கயிற்றில்தான் இறங்கும். தேவநேசனின் கயிற்று நுனியில் அடையாளத்துக்கு ஒரு பழைய நீல நிற டை கட்டியிருந்தது. தங்கவேலு தினமும் தோசையை அதில் மாட்டி மணியடிப்பார். மேலே வந்து சேர்வதற்குள் முறுகல் போய், தோசை துணி மாதிரி தளர்ந்திருக்கும். தேவநேசன் கண்ணை மூடிக்கொண்டு தின்பார்.

பிப்ரவரி நடுவில் கட்டைப் பிரித்தார்கள். எலும்பு நன்றாக ஒட்டிவிட்டது, நடக்கலாம், படி ஏறலாம், ஒன்றும் ஆகாது என்றார் வீட்டுக்கு வந்த டாக்டர். தேவநேசன் வீட்டுக்குள் நடந்தார். கைத்தடியோடு வாசல் வரை போனார். கதவைத் திறந்து படிக்கட்டைப் பார்த்தார். மாடிக்குப் பதினெட்டுப் படி, மொத்தம் எழுபத்திரண்டு, இருட்டும் செங்குத்துமாக. கால் வலிக்கவில்லை. பயமாக இருந்தது. இத்தனை வருஷம் தன்னைத் தூக்கிச் சுமந்த கால் மேல் அவருக்கு நம்பிக்கை போய்விட்டது. கதவைச் சாத்திவிட்டு வந்து கயிற்றுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும் அப்படியே.

இருதயம்மாள் போன் செய்தாள். அவளுக்கு ஊருக்கு வெளியே புதுக் குடியிருப்பில் மகனோடு தரைத்தள வீடு.

"தம்பி, ரூமுக்கு வெள்ளையடிச்சு வச்சிருக்கேன். ஒரு படி கெடையாது. வந்துரு."

"அங்க தோசை எங்க கெடைக்கும் அக்கா?"

"நான் சுட்டுத் தரேன்."

அக்காவின் தோசை தேவநேசனுக்குத் தெரியும்.

"சரி, ஒண்ணு பேசிக்குவோம்," என்றாள் அக்கா. "ஈஸ்டர் அன்னிக்குப் பூசை முடிஞ்சதும் டாக்சி எடுத்துட்டு வரேன். நீ ஒன் சொந்தக் கால்ல கீழ எறங்கி வந்து நின்னா நான் வாயத் தெறக்கல. மேல குந்தியிருந்தியானா பெட்டியக் கட்டிட்டு எங்கூட வரணும். வீட்டையும் விட்டுரணும். தோத்திரம் சொல்லி ஒத்துக்க."

ஒத்துக்கொண்டார். வேறு வழியில்லை. வீட்டுக்காரரும் அடுத்த ஆள் ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பதாக ஏற்கனவே ஜாடையாகச் சொல்லியிருந்தார். வீடு போனால் நடை போகும், ஆபீஸ் போகும், மொஹிங்கா போகும். ஈஸ்டருக்கு ஆறு வாரத்துக்குக் கொஞ்சம் அதிகம் இருந்தது.

அந்த வருஷம் தவக்காலத்துச் சாம்பல் புதனும் ரம்ஜான் நோன்பும் ஒட்டி ஒட்டித் தொடங்கின. தேவநேசனுக்கு நேர் கீழே மூன்றாம் மாடியில் இருந்தவள் ஹாஜரா. தையல்காரி, புருஷன் இல்லை, பிளவுஸ் தைப்பதில் அந்தத் தெருவிலேயே பெயர் வாங்கியவள். நோன்பு தொடங்கிய நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, அவள் தன் கயிற்று நுனி பிய்ந்துபோயிருக்கிறதென்று மிச்சம் விழுந்த லைனிங் துணியை அதில் கட்டினாள். துணி நீல நிறம். கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்த தங்கவேலு, நீலம் கண்டதும் தோசையை மாட்டி மணியைச் சுண்டினார்.

கீழேயிருந்து ஹாஜராவின் குரல் வந்தது.

"தேவாண்ணே, ஒங்க தோசை எங்கிட்ட வந்திருச்சு. நான் நோன்பு. வந்து எடுத்துக்குங்க."

தேவநேசன் பால்கனியில் எட்டிப் பார்த்தார். "என் கயித்த ஆட்டுறேன் ஹாஜரா, மாட்டி விட்டுரும்மா."

நடுவில் மழைக்காகப் போட்டிருந்த தகரக் கூரை நீட்டிக்கொண்டிருந்ததால் கயிறு அவள் கைக்கு எட்டாமல் இரண்டு முழம் தள்ளியே தொங்கியது. ஆட்டினார். கயிறு ஒரு கேபிளில் சுற்றிக்கொண்டது. விடுவித்து மறுபடி ஆட்டினார். எதிர்க் கட்டடத்தில் துணி காயப்போட்ட பெண்மணி வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தாள். மூன்றாவது முறை கிளிப் தகரத்தில் அடித்துத் தெருவே நிமிர்ந்தது.

"அண்ணே, ஆள் அளவு குடுக்க நிக்கிறாங்க, நான் மேல வர முடியாது. தோசை ஆறுது," என்றாள் ஹாஜரா. பொய் இல்லை, ஆள் நின்றாள்.

தோசை ஆறுகிறது என்பது தேவநேசனின் காதில் நெருப்புப் பிடிக்கிறது என்பதுபோல விழுந்தது. கதவைத் திறந்தார், முதல் படியில் உட்கார்ந்தார், குழந்தை இறங்குவதுபோல உட்கார்ந்து உட்கார்ந்தே பதினெட்டுப் படியும் இறங்கிவிட்டார். ஹாஜரா வீட்டு வாசலில் நின்றபோதுதான் தான் என்ன செய்துவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. அவள் ஒரு ஸ்டூலைப் போட்டுத் தட்டை நீட்டினாள். இன்னும் கொஞ்சம் சூடிருந்தது. ஓரத்தில் முறுகலும் இருந்தது. ஏழு வாரத்துக்குப் பிறகு அவர் பல்லுக்கடியில் தோசை நொறுங்கிச் சத்தம் கேட்டது. வெட்கம் கெட்டு அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"காரமா இருக்கு," என்றார்.

"ஆமாண்ணே, இருக்கும்," என்றாள் ஹாஜரா.

மறுநாளும் தோசை மூன்றாம் மாடிக்குப் போனது. "கண்ணு செத்த மங்குது தேவா, கோவிச்சுக்காத," என்று தங்கவேலு கீழேயிருந்து கத்தினார். அவர் மூக்கில் கண்ணாடி இருந்தது. மூன்றாம் நாளும் அப்படியே. நோன்பு இருக்கிறவள் முன்னால் உட்கார்ந்து தின்பது தேவநேசனுக்கு ஒரு மாதிரியாக இருந்தது. அவளோ மிஷினை ஓட்டிக்கொண்டே, "தின்னுங்கண்ணே, நீங்க திங்குறதப் பாத்தா எனக்குப் பசி அடங்குது," என்றாள். இருபது வருஷம் அந்தக் கதவைத் தாண்டிப் போயிருக்கிறார். உள்ளே பச்சைக் கலர் சுவர் என்று அப்போதுதான் தெரிந்தது. வாரக் கடைசியில் உட்காராமல் கம்பியைப் பிடித்து நின்றே இறங்கினார். ஏறும்போதுதான் பாதியில் மூச்சு முட்டி நின்றுவிடுவார். ஹாஜரா அந்த ஸ்டூலை எடுத்துவந்து படிக்கட்டு முகப்பிலேயே போட்டுவிட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை அவர் மூன்றாம் மாடிக்கு வந்து கதவைத் தட்டினால் ஹாஜரா தலையைச் சொறிந்தாள். "என் கயிறு அறுந்து போச்சுண்ணே. தங்கவேலண்ணே சயாமா வீட்டுக்கு அனுப்பிட்டாராம்."

சயாமா என்றால் ஆசிரியை. இரண்டாம் மாடியில் இருந்த டோ கின் மியா ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். தெருவில் எல்லோருக்கும் அவர் சயாமாதான். தேவநேசன் பால்கனிப் பக்கம் பார்த்தார். ஹாஜராவின் கயிறு, நீலத் துணியோடு, அறாமல் ஆடிக்கொண்டிருந்தது.

கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். தன்னைக் குரங்காட்டம் ஆட்டிவைக்கிறார்கள் என்று நினைத்தார். "ஒங்க தோசையும் வேணாம், ஒண்ணும் வேணாம்," என்று திரும்பி, பதினெட்டுப் படியும் நிற்காமல் ஏறிக் கதவை அறைந்து சாத்தினார். நிற்காமல் ஏறினோம் என்பதைக் கூடக் கோபத்தில் கவனிக்கவில்லை.

தானே சமைத்துக்கொள்வது என்று முடிவுசெய்தார். குடைகளை ஒதுக்கி அடுப்பைக் கண்டுபிடித்தார். அக்கா எப்போதோ கொண்டுவந்து வைத்த அரிசி இருந்தது. எவ்வளவு தண்ணீர் என்று தெரியாமல் ஒரு குவளை ஊற்றினார். அடி கரிந்து, மேலே வேகாமல், நடுவில் மட்டும் ஒரு கரண்டி தேறியது. அதை உப்புப் போட்டுத் தின்றார். ராத்திரிக்கு பிஸ்கட். மறுநாள் காலை பிஸ்கட். பத்து மணிக்குக் கீழேயிருந்து சுடுகிற வாசனை மட்டும் நாலு மாடி ஏறி வந்தது, கயிறு இல்லாமலே.

அப்போதுதான் அவர் தனியே உட்கார்ந்து யோசித்தார். ஈஸ்டருக்குப் பிறகு ஒவ்வொரு காலையும் இப்படித்தான் விடியும். வாசனை கூட வராது. இவர்கள் தன்னைக் கேலி செய்யவில்லை. தனக்கு இல்லாமல்போன நம்பிக்கையை ஆளுக்கொரு மாடியாகப் பங்குபோட்டு வைத்திருக்கிறார்கள். அது புரிந்ததும் கோபம் போய் வெட்கம் வந்தது. வெட்கத்தோடு பசியும் இருந்ததால் எழுந்து செருப்பு மாட்டினார்.

மூன்றாம் மாடியில் ஹாஜரா கதவைத் திறந்தாள். தேவநேசன் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"நேத்துச் சொன்னத மனசுல வச்சுக்காதம்மா."

"யபாதே அண்ணே," என்று, பரவாயில்லை என்பதற்கான பர்மியச் சொல்லிலேயே அதை ஒதுக்கிவிட்டாள். "கீழ போங்க. சயாமா ரெண்டு நாளா ஒங்க தோசைய அவங்களே தின்னுட்டு இருக்காங்க. அவங்களுக்கு சர்க்கர வேற."

இரண்டாம் மாடிப் படி மூன்றாம் மாடியைவிட இருட்டு. ஒரு இடத்தில் கால் தடுமாறி, உடம்பு முழுக்க வேர்த்து, சுவரில் சாய்ந்து நின்றார். திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தார். கீழே கதவு திறந்து டார்ச் வெளிச்சம் ஏறி வந்தது. சயாமா தன் பிரம்பு நாற்காலியை முகப்பில் போட்டுவிட்டு, வகுப்பில் நிற்கிற மாதிரி பர்மியில் எண்ணினார்: இன்னும் ஏழு, இன்னும் ஆறு, இன்னும் ஐந்து. தப்பு விட்டால் அடிப்பாரோ என்கிற பயத்தில் தேவநேசன் இறங்கி முடித்தார்.

நோன்புப் பெருநாள் அன்றைக்கு ஹாஜரா பிரியாணி செய்தாள். அதை எங்கே வைத்தாள் என்றால், முதல் மாடியில். அந்த வீடு பூட்டிக் கிடந்தது. ஆனால் முகப்பில் தங்கவேலுவின் சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று வந்து உட்கார்ந்திருந்தது, அதன் மேல் மூடிபோட்ட தட்டு. தவக்கால வெள்ளி ஆயிற்றே, இறைச்சி ஆகாதே என்று தேவநேசன் ஒரு நிமிஷம் தயங்கினார். மூடியைத் திறந்தால் உள்ளே இறால் பிரியாணி. ஹாஜரா யோசிக்காமல் எதையும் தைப்பதும் இல்லை, சமைப்பதும் இல்லை. அந்த ஸ்டூலில் உட்கார்ந்து தின்னும்போது, கம்பிக் கதவுக்கு அப்பால் பஸ் ஹாரனும், கல்லில் மாவு விழுகிற சத்தமும் கேட்டன. இன்னும் பதினெட்டுப் படிதான்.

அந்தப் பதினெட்டுக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. மாடிக்கு மாடி கதவு இருந்தது, ஆள் இருந்தது. தெருவில் அந்தக் கற்பலகை இருந்தது. தங்கவேலு தினமும் தோசையை முதல் மாடி ஸ்டூலில் வைத்துவிட்டுப் போனார். ஒரு நாள் மட்டும் தட்டில் தோசை இருந்தது, சட்னி இல்லை.

"சட்னி எங்கண்ணே?" என்று தேவநேசன் கீழே பார்த்துக் கேட்டார்.

"தோசைக்கல்லு பக்கத்துல இருக்கு."

இருதயம்மாள் ஈஸ்டர் அன்றைக்கு ஒன்பது மணிக்கு டாக்சியில் வந்து இறங்கினாள். பூசைக்குக் கட்டிய பட்டுப்புடவை, கையில் தம்பியின் துணிமணிக்காகப் பெரிய காலி பை. கம்பிக் கதவு பூட்டியிருந்தது. நீல டை கட்டிய கயிற்றைத் தேடிப் பிடித்துச் சுண்டினாள். நாலாம் மாடியில் மணி அடித்தது. சாவி இறங்கவில்லை. மறுபடி சுண்டினாள், மறுபடியும். அப்பா போன அன்றைக்கும் இப்படித்தான் கதவைத் தட்டிக்கொண்டு நின்றாள்.

"தம்பி," என்று மேலே பார்த்துக் கூப்பிட்டாள். "தம்பி, சாவியப் போடு."

"சாவி எங்கிட்ட இருக்குக்கா," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "திரும்பிப் பாரு. குந்து. ஆறுது."

தோசைக் கல்லுக்குப் பக்கத்தில், குட்டி ஸ்டூலில், சலவை செய்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தேவநேசன் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் இரண்டு தட்டு இருந்தது. இருதயம்மாள் காலிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். திட்ட வாயெடுத்தாள், அழுதாள், பிறகு தின்றாள். டாக்சிக்காரரைக் காத்திருக்கச் சொன்னது நினைவுக்கு வந்து, கையை ஆட்டி அவரை அனுப்பிவிட்டாள்.

"எறங்கிட்ட. ஏறுவியா?" என்றாள் கடைசியில்.

"வா, பாக்கலாம்."

ஏறினார்கள். முதல் மாடியில் இருதயம்மாளுக்கு மூச்சு வாங்கியது. சிவப்பு ஸ்டூலில் உட்கார்ந்தாள். இரண்டாம் மாடியில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தாள். சயாமா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். மூன்றாம் மாடியில் ஹாஜராவின் ஸ்டூலில் உட்கார்ந்தபோது, "இதெல்லாம் யாருடா போட்டு வச்சது?" என்று கேட்டாள். தேவநேசன் அவளுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் உட்காரவில்லை.

"எனக்குப் போட்டதுதான்," என்றார். "இப்ப ஒனக்கு ஆச்சு."

நாலாம் மாடியில் இருதயம்மாள் காற்று வாங்கப் பால்கனிக்குப் போனாள். தெருவைப் பார்த்தாள், புகையைப் பார்த்தாள், தோசைக் கல்லைப் பார்த்தாள். வெள்ளையடித்து வைத்த அறையைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. சற்று நேரம் கழித்துத் தானே கயிற்றைப் பிடித்து ஆட்டிக் குரல் கொடுத்தாள்.

"தங்கவேலு, இன்னொரு தோசை வேணும். அதே மாதிரி முறுகலா."

தங்கவேலு நிமிர்ந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கையை வாயருகே குவித்துக் கேட்டார்.

"எந்த மாடிக்கு அக்கா?"

தேவநேசன் அக்காவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"நாலாவதுக்கே அனுப்புங்கண்ணே. அக்கா விருந்தாளி," என்றார். "எனக்குச் செவ்வாய்க்கிழமை மொஹிங்கா."